மலையாளத்தில் ஒரு 1 நட்சத்திரம்: அக்காவின் பல் கிளினிக்குக்கு என்ன பதில் போடுவது?

பாறசாலை ரோட்டான்:
கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் அக்கா பல் கிளினிக் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கூகுள் மேப், வாட்ஸ்அப் எல்லாம் என் தலையில். வருபவர்களில் பாதிப் பேர் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளிகள், மீதி மார்த்தாண்டம் வரைக்கும் நம் ஆட்கள். இதுவரை 12 ரிவியூ, அத்தனையும் 5 நட்சத்திரம். போன வாரம் ஒருவர் 1 போட்டு, ரூட் கெனால் செய்த பல் உடைந்துவிட்டது, காசு பிடுங்கிகள் என்று மலையாளத்தில் நீளமாக எழுதிவிட்டார். நடந்தது என்னவென்றால், அந்தப் பல் உடையாமல் இருக்க மேலே கேப் (உறை) போட வாங்க என்று நானே நான்கு தடவை போன் செய்தேன், மனுஷர் லீவு முடிந்து கல்ஃபுக்குப் போய் ஒரு வருடம் கழித்து வந்து முறுக்கைக் கடித்திருக்கிறார். இதையெல்லாம் தேதி போட்டுப் பதிலில் எழுதிவிடலாமா? அப்புறம் ஒரு ஏஜென்சிக்காரர் ஐம்பது 5 நட்சத்திரம் போட்டுத் தருகிறாராம், கிளினிக் பெயரோடு 'திருவனந்தபுரத்தின் சிறந்த பல் மருத்துவர்' என்று சேர்க்கவும் சொல்கிறார். அக்கா எதையும் தொடாதே என்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேப் மேஸ்திரி:
தம்பி, முதலில் கணக்கைப் பார். 12 பேர் 5 போட்ட இடத்தில் ஒரு 1 விழுந்தால் 4.7. அதே 1, 60 பேர் 5 போட்ட இடத்தில் விழுந்திருந்தால் 4.9. உன் பிரச்சினை அந்த ஆள் இல்லை, மூன்று வருடத்தில் 12 பேரிடம்தான் ரிவியூ வாங்கியிருக்கிறாய். பல் வலி தீர்ந்து சிரித்துக்கொண்டே போகிறவரிடம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் லிங்கை அனுப்பு. ஆனால் ரிவியூ போட்டால் ஸ்கேலிங் (பல் சுத்தம் செய்வது) இலவசம் என்று ஆசை காட்டாதே, திருப்தியாகப் போனவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்காதே, இரண்டுமே கூகுள் விதிக்கு விரோதம். காசுக்கு வாங்கினது பிடிபட்டால் புது ரிவியூவே வராதபடி கொஞ்ச நாள் பூட்டிவிடுவார்கள், போலி ரிவியூக்களை நீக்கினோம் என்று உன் பக்கத்திலேயே அறிவிப்பும் தொங்கும், ஊரே பார்க்கும். பெயரில் ஒட்டு வேலையும் வேண்டாம், போர்டில் இருக்கிற பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும். அதுவும் தமிழ்நாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு திருவனந்தபுரமா! கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956லேயே அந்தக் கணக்கு தீர்ந்துபோச்சே மக்கா.

செங்கோட்டை பல் டாக்டர்:
அக்கா சொல்வதுதான் சரி. தேதி போட்டு எழுதுகிற வேலையே வேண்டாம். அவர் தன் பல்லைப் பற்றி ஊரறிய எழுதலாம், நாம் எழுதக்கூடாது. அவர் நம்மிடம் வந்தார் என்று ஒப்புக்கொள்வதுகூட ரகசியத்தை உடைப்பதுதான். பல் மருத்துவர்களுக்கான 2014 நெறிமுறை விதிகளில் நோயாளியின் ரகசியமும் இருக்கிறது, விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக்கூடாது என்பதும் இருக்கிறது. 'சிறந்த' என்று போட்டால் மாட்டப்போவது ஏஜென்சி இல்லை, உங்கள் அக்காவின் பதிவு எண். நானும் ஒருமுறை கோபத்தில் இரவு பதினொரு மணிக்குப் பதில் போட்டுவிட்டுக் காலையில் அழித்தேன், அதற்குள் ஸ்கிரீன்ஷாட் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. இரண்டு வரி போதும், மலையாளத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கேப் விஷயத்தை இனி வாயால் சொல்லி அனுப்பாமல் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், நாளைக்கு வழக்கு என்று வந்தால் அதுதான் பேசும்.

உதியன்குளங்கரைக்காரி:
எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் பேசுவோம், பல்லுக்குக் களியக்காவிளைப் பக்கம்தான் வருகிறோம். நான் முதலில் படிப்பதே 1 நட்சத்திரத்தைத்தான், அதன் கீழே டாக்டர் எப்படிப் பேசியிருக்கிறார் என்று பார்க்கத்தான். எல்லாமே 5 என்றால் சொந்தக்காரர்கள் போட்டது என்று நினைத்துக்கொள்வேன். அதைவிட எரிச்சல், மேப்பில் ஞாயிறு திறப்பு என்று இருக்கும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஷட்டர் மூடியிருக்கும். அதை முதலில் சரி செய்யுங்கள் அண்ணா.

பாறசாலை ரோட்டான்:
ஞாயிறு நேரம் எங்களுடையதும் தப்பாகத்தான் இருந்தது, இப்போது மாற்றிவிட்டேன். அக்கா மலையாளத்தில் போட்டது இவ்வளவுதான்: 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். யாருடைய சிகிச்சை பற்றியும் இங்கே பேச இயலாது. கிளினிக் எண்ணில் அழையுங்கள், நானே பேசுகிறேன்.' அவர் இன்னும் அழைக்கவில்லை. ஏஜென்சிக்காரர்தான் தினமும் குட்மார்னிங் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.