டௌ இல்லாத சுண்டெலி மூளையிலும் ஏடி8 பட்டை வருகிறது: உதவி தேவை

வணக்கம். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில், அல்சைமர் நோயோடு தொடர்புடைய டௌ புரதத்தைச் சுண்டெலி மூளையில் வெஸ்டர்ன் பிளாட் முறையில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருளைக் கொண்டு பட்டைகளாகக் காணும் முறை) அளந்து வருகிறேன். செரின் 202, திரியோனின் 205 ஆகிய இடங்களில் பாஸ்பேட் ஏறிய டௌவை அடையாளம் காணும் ஏடி8 எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும்போது, டௌ மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் மாதிரியிலும் 50 கிலோடால்டன் எடைக்கு அருகே அழுத்தமான பட்டை விழுகிறது. இதனால் மூன்று மாதங்களாகச் சேர்த்த அளவீடுகள் எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

பிளாக்கிங்குக்கு (எதிர்ப்பொருள் தேவையற்ற இடங்களில் ஒட்டாமல் தடுப்பதற்கு) பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதத்தைப் பயன்படுத்தினேன், முதன்மை எதிர்ப்பொருளான ஏடி8-ஐ 1:500 முதல் 1:2000 வரை நீர்த்துப் பார்த்தேன், பயனில்லை. ஏடி8 சேர்க்காமல், சுண்டெலி ஐஜிஜிக்கு (இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் வகை) எதிரான, முதன்மை எதிர்ப்பொருளைப் பற்றி அதைக் காட்டும் இரண்டாம் நிலை எதிர்ப்பொருளை மட்டும் இட்டபோதும் அதே பட்டை வந்தது. ஏடி8-உம் சுண்டெலியிலிருந்து பெறப்பட்டதே என்பதால், திசுவில் தங்கிய ஐஜிஜியின் கனச் சங்கிலியைத்தான் (சுமார் 50 கிலோடால்டன் எடையுள்ள பகுதி) இரண்டாம் நிலை எதிர்ப்பொருள் பற்றுகிறது என்று கருதுகிறேன். மூளையை எடுக்கும் முன் உப்புக் கரைசல் செலுத்தி இரத்தத்தை வெளியேற்றியபோது பட்டை மங்கியதே தவிர மறையவில்லை.

ஐஜிஜியின் சிறிய பகுதியான இலேசான சங்கிலியை மட்டும் பற்றும் இரண்டாம் நிலை எதிர்ப்பொருளுக்கு மாறுவது, மாதிரியைக் கொதிக்கவைத்து வெப்பம் தாங்கும் டௌவைப் பிரித்தெடுப்பது ஆகிய இரண்டில், உங்கள் அனுபவத்தில் எது டௌ நீக்கப்பட்ட மாதிரியில் பட்டையை முழுமையாக நீக்கியது?