நாய்த் தொக்கணர்: 'கைமருத்துவர்' ஏன் வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். என் கேள்விக்குக் கைமருத்துவர், நாய் நீவுநர், நாய் வர்மாணி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகள், நாய்களின் தசையையும் மூட்டையும் கையாலேயே பிடித்துவிடும் தொழிலுக்குப் பயில்கிறாள். பாடக் குறிப்பைத் தமிழில் எழுதிவைக்க ஆசைப்படுகிறாள். 'மேனுவல் தெரபிஸ்ட்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்.

'கைமருத்துவர்' எனக்கு ஒப்பவில்லை. கைமருந்து, கைவைத்தியம் என்றால் நம் வீடுகளில் சுக்கும் மிளகும் தட்டிப் போடுவது. அதைவிட முக்கியம், இவர் மருத்துவர் அல்ல. நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது, நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த கால்நடை மருத்துவரின் வேலை. ஜெர்மனியிலோ விலங்கு பிசியோதெரபிஸ்ட் என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. அந்த எல்லை சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வர்ம வைத்தியம் செய்பவரைக் குறிக்கும் 'வர்மாணி' என்ற சொல்லைத் தக்கலை நண்பர் எழுதியதும் மனசு நிறைந்தது. என் அப்பாவின் தோளை ஆசான் எண்ணெய் விட்டு உழிந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் வர்மப் புள்ளிகள் 108-ம் மனித உடலுக்கு வகுத்தவை. நாய்க்கு நம்மைப்போல் தோளை மார்போடு பிணைக்கும் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு தசையால்தான் பிணைந்திருக்கிறது. நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்னங்கால் நொந்தால் இன்னும் முன்னே சாயும்.

எங்கள் நாய் கறுப்பனுக்குப் பின்னங்கால் சரியில்லாதிருந்தபோது, லீவில் வந்த அக்கா மகள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நொண்டுகிற காலைத் தொடவே இல்லை. தோளில் உள்ளங்கையை அழுத்தாமல் வைத்தாள். அவன் உதட்டை நக்கி முகத்தைத் திருப்பினான். உடனே கையை எடுத்துவிட்டாள். "வேண்டாம்னு சொல்லுதான் மாமா." நாலாவது தடவை அவனே அவள்மேல் சாய்ந்து கொடுத்தான். என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். தோள்தசை நனைந்த கயிறுபோல் முறுக்கிக் கிடந்தது.

'நீவுநர்' அழகான சொல். ஆனால் மூட்டை அசைப்பதும் இழுப்பதும் நீவலில் அடங்காது. தட்டல், அழுத்தல், முறுக்கல், இழுத்தல், அசைத்தல் என ஒன்பது கைவினைகளைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்ற ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: நாய்த் தொக்கணர். பிசியோதெரபிஸ்டைக் குறிக்கும் இயன்முறை மருத்துவரோடும் குழம்பாது.

நாய் என்பதைப் பழஞ்சொல்லான ஞமலி ஆக்க வேண்டியதில்லை. எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்துப் 'பட்டி'யும் வேண்டாம். மற்ற மாவட்டத்தாருக்கு அது ஆடு அடைக்கிற இடம்.

கையால் தடவி நிலையறிவதற்குத் 'தொட்டறிதல்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அடுத்த பாடம் இடுப்பு மூட்டை மெல்ல இழுப்பது. அதற்குச் சொல் தேட வேண்டாம். பழைய ஒன்பதில் 'இழுத்தல்' இருக்கிறது.