ஹெச்பெட் டைமரைக் கெர்னலில் சேர்க்கும்போது எங்கெல்லாம் மாட்டும்?

ஹெச்பெட் (HPET) என்பது பிசியில் உள்ள துல்லியமான ஹார்டுவேர் டைமர்: ஓயாமல் கூடும் ஒரு கவுன்ட்டர், அதோடு ஒப்பிட்டு இன்டரப்ட் எழுப்பும் சில கம்பேரேட்டர்கள். எக்ஸ்86 கெர்னலுக்கு அதைச் சேர்ப்பவர்கள் பலர் அதன் ரெஜிஸ்டர்களின் மெமரி முகவரியை நிரலிலேயே எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான போர்டுகளில் அது 4 ஜிபி எல்லைக்கு 19 எம்பி கீழேதான் இருக்கும். ஆனாலும் ஏசிபிஐ (பயாஸ் தரும் ஹார்டுவேர் விவரம்) அட்டவணையிலிருந்தே எடுங்கள்: ஹெச்பெட் அட்டவணையின் 44-ஆவது பைட்டில் 64-பிட் முகவரி கிடைக்கும். அட்டவணையே இல்லையா? பிசியின் பழைய 8254 டைமருக்குத் திரும்பிவிடுங்கள்.

மேப் செய்யும்போது பேஜ் டேபிளில் கேஷ் தடை பிட்டை (பிட் 4) கட்டாயம் போடவும். பயாஸ் எம்டிஆர்ஆரில் (எந்த மெமரி கேஷ் ஆகலாம் என்று சொல்லும் சிபியு ரெஜிஸ்டர்கள்) அந்தப் பகுதியைக் கேஷ் ஆகாததாக வைத்திருந்தால் பிட் இல்லாமலும் ஓடும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ரெஜிஸ்டர் பாயின்டர் வாலடைல் (ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி என்ற குறி) ஆக இல்லாவிட்டால் கம்பைலர் கவுன்ட்டரை ஒரே முறை படித்துவிட்டு, காத்திருக்கும் லூப்பை முடிவில்லாமல் சுற்றவிடும்.

*

முகவரிக்கு அடுத்து டிக் நீளம், அதாவது கவுன்ட்டர் ஒன்று கூட எடுக்கும் நேரம். முதல் ரெஜிஸ்டரின் மேல் 32 பிட்டில் ஃபெம்டோநொடிக் (நானோநொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். 14.31818 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் 69841279. கியூஈமு மெய்நிகர் கணினியில் 1 கோடி. 0 என்றோ 10 கோடிக்கு மேலோ வந்தால் அந்த டைமரைத் தொடாதீர்கள்.

ஓடிய நேரம் திடீரென்று சுழியத்துக்குத் திரும்புகிறதா? கவுன்ட்டரை டிக் நீளத்தால் பெருக்கி 64 பிட்டில் வைத்திருப்பீர்கள். ஃபெம்டோநொடியில் 64 பிட் என்பது 5 மணி 7 நிமிடம்தான். 128-பிட் பெருக்கல் போடுங்கள், அல்லது லினக்ஸ் போல மல்ட்-ஷிஃப்ட் முறைக்கு (முன்பே கணக்கிட்ட எண்ணால் பெருக்கி, பிட்டுகளை வலப்புறம் நகர்த்துவது) மாறுங்கள். பத்து நிமிடச் சோதனையில் இது தலைகாட்டவே காட்டாது.

*

என் கணக்கில் மிகக் கொடியது ஒன்-ஷாட் (ஒரே ஒரு இன்டரப்ட் கேட்கும்) முறையில் கவுன்ட்டரோடு நாம் ஓடும் பந்தயம். கவுன்ட்டரைப் படித்து, சிறிய இடைவெளியைக் கூட்டி, கம்பேரேட்டரில் எழுதுகிறோம். எழுதி முடிவதற்குள் கவுன்ட்டர் அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் இன்டரப்ட் வராது. ஹெச்பெட் பார்ப்பது சமமா என்பதை மட்டுமே. தாண்டிவிட்டதா என்று பார்ப்பதில்லை. 32-பிட் முறையில், 14.3 மெகாஹெர்ட்ஸில், கவுன்ட்டர் ஒரு சுற்று வர 300 நொடி. அதுவரை கெர்னல் உறைந்து நின்று, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். 64 பிட்டில் அந்தச் சுற்று நம் ஆயுளில் வராது.

ஆகவே எழுதியதும் கவுன்ட்டரை மறுபடி படியுங்கள். கம்பேரேட்டரிலிருந்து அதைக் கழித்து, விடையை குறியுள்ள 32-பிட் எண்ணாகப் பாருங்கள். 128 டிக்குக்குக் குறைவாக வந்தால் தோல்வி என்று திருப்பி, கூடுதல் இடைவெளியோடு மீண்டும் எழுத வேண்டும். லினக்ஸும் இப்படித்தான் செய்கிறது. சில சிப்செட்டுகளில் எழுதிய மதிப்பு உடனே நடைமுறைக்கு வருவதில்லை. ‘0-ஐவிடப் பெரியதா’ என்று மட்டும் பார்ப்பது அதனால்தான் போதாது.

*

பீரியாடிக் (சம இடைவெளியில் திரும்பத் திரும்ப இன்டரப்ட்) முறைக்கு ஒரு சேர்க்கை. டைமர் கான்ஃபிகில் பிட் 4 இருந்தால்தான் அந்த டைமருக்கு பீரியாடிக் உண்டு. பிட் 2, 3, 6 மூன்றையும் ஏற்றிவிட்டு, கம்பேரேட்டரில் முதலில் ‘இப்போதைய கவுன்ட்டர் + இடைவெளி’, அடுத்து அதே இடத்தில் வெறும் இடைவெளி. பிட் 6-ஐ விட்டுவிட்டால் முதல் இன்டரப்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இன்டரப்ட் வழியை பிட் 9 முதல் 13 வரை எழுதுங்கள்; ஐஓ-ஏபிக்கின் (இன்டரப்ட்டுகளை சிபியுவுக்கு அனுப்பும் சிப்) எந்தப் பின்களைப் பயன்படுத்தலாம் என்பதை அதே ரெஜிஸ்டரின் மேல் 32 பிட் காட்டும். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடவும். செல்லாத எண் என்றால் ஹார்டுவேர் அதை ஏற்காது. லெகசி வழி (பழைய டைமர்களின் இன்டரப்ட் இடத்தை ஹெச்பெட் எடுத்துக்கொள்வது) போட்டால் டைமர் 0, ஐஓ-ஏபிக்கின் 2-ஆம் பின்னுக்கு வரும். 8254-இன் இன்டரப்ட் நின்றுவிடும், ஆர்டிசி கடிகாரச் சிப்புடையதும் கூடவே போய்விடும். லெவல் முறையில் (துடைக்கும்வரை இன்டரப்ட் சைகை நீடிக்கும்) வைத்திருந்தால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 1 எழுதித் துடைக்காதவரை இன்டரப்ட் மழைதான்.

*

சுற்று முடியும் இடத்தைச் சோதிக்க 5 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. பொது கான்ஃபிகின் பிட் 0-ஐ அணைத்து, 240-ஆவது பைட்டில் உள்ள கவுன்ட்டரில் 32-பிட் உச்சத்துக்கு இரண்டு நொடி முன்னால் வரும் எண்ணை எழுதி, மறுபடி இயக்குங்கள். கவுன்ட்டர் நின்றிருக்கும்போது மட்டுமே எழுதலாம். 32-பிட் கெர்னலில் 64-பிட் கவுன்ட்டரை மேல், கீழ், மறுபடி மேல் என்று படித்து, இரு மேல் பாதியும் ஒத்துவராவிட்டால் திரும்பப் படிக்கும் நிரல் சரியா என்பதும் இதே இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.