புளூ டெவில்ஸ் ஷோவ எப்படிங்க ரசிக்கறது? ஃபேண்டம் ரெஜிமெண்ட் பிரியனுக்கு ஒரு வழி சொல்லுங்க

பெருந்துறைக்காரன்:

வணக்கமுங்க எல்லாத்துக்கும். எனக்கும் எம் பையனுக்கும் டிரம் கோர் ஷோ, அதாங்க அமெரிக்காவுல பித்தளைக் கொம்பு, டிரம், கொடியோட ஒரு குழுவே மைதானத்துல நடந்துக்கிட்டே வாசிச்சுப் போட்டி போடறது, அதப் பாக்கறது ஒரு பைத்தியமாவே ஆயிப்போச்சுங்க, அவன் ஸ்கூல் பேண்டுல சைடு டிரம் அடிக்கறான், ராத்திரி சோறு உண்டுபோட்டு ரெண்டு பேரும் டீவில யூடியூப் போட்டு உக்காந்தா அவங்கம்மா வந்து ஆஃப் பண்றவரைக்கும் எந்திரிக்கறதில்ல. எனக்கு ஃபேண்டம் ரெஜிமெண்ட் தானுங்க உசுரு. 2008 ஸ்பார்ட்டகஸ் ஷோ, கச்சத்தூரியன் இசை, கடைசில மைதானத்துல ஒவ்வொருத்தரா நாந்தான் ஸ்பார்ட்டகஸ்னு கத்தறப்ப இன்னைக்கும் ஒடம்பு புல்லரிக்குது. அந்த வருசம் புளூ டெவில்ஸ வெறும் 0.025 பாயிண்ட்ல ஜெயிச்சாங்க, 98.125க்கு 98.1.

பையனுக்கு புளூ டெவில்ஸத் தவிர வேற கோரே கண்ணுக்குத் தெரியாது. 2014ல ஃபெலினிஎஸ்க்னு ஒரு ஷோ பண்ணி 99.65 வாங்குனாங்களாம், அதுக்கு மேல ஆரும் வாங்குனதில்லைன்னு வாரத்துக்கு ஒருக்கா சொல்லிக்காட்டறான். நானும் பொறுமையா பாத்தேனுங்க. ஒரு மெட்டு ஆரம்பிக்குது, சரி பாட்டு வருதுன்னு நிமிந்து உக்காந்தா அத வெட்டிப்போட்டு வேற எங்கியோ போயிர்றாங்க, கை தட்டலாம்னா அதுக்கும் எடங்குடுக்கறதில்ல. கெட்டிக்காரத்தனம் அத்தனையும் தெரியுது, மனசுக்குள்ள எறங்க மாட்டேங்குது.

எந்தக் கோர் பெருசுன்னு கேக்கலீங்க, அந்தச் சண்டையே வேண்டாம். ஒவ்வொண்ணையும் அதனதன் பாணில ரசிக்கோணும்னா காத எங்க வெக்கோணும், கண்ண எங்க வெக்கோணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சிங்காநல்லூர் டிரம்பெட்:

நல்ல கேள்விங்ணா. மொதல்ல ஒண்ணு, ஃபேண்டம் பாக்கற கண்ணோட புளூ டெவில்ஸ் பாத்தா ஏமாத்தமாத்தான் இருக்கும். ஃபேண்டம் கதை சொல்ற கோர், கிளாசிக்கல் இசைய எடுத்து மெதுவா ஏத்தி ஏத்தி கடைசில ஒரே போடா போடுவாங்க, நீங்களும் அந்தப் போடுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பீங்க. புளூ டெவில்ஸ்ல அப்படி ஒரு இடத்துக்குன்னு எதையும் சேத்து வெக்க மாட்டாங்க. நோம்பி அன்னைக்கு கோயல் வாசல்ல ஒருபக்கம் பம்பை, ஒருபக்கம் கும்மி, அக்கட்ட பொங்கப்பானைன்னு எல்லாம் ஒரே நேரத்துல நடக்குமில்லீங்க, அந்த மாதிரி மைதானம் பூரா சின்னச் சின்னதா என்னமோ நடந்துக்கிட்டே இருக்கும். நடுவால மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா முக்கால்வாசி போயிரும்.

அதனால ஒரே ஷோவ மறுக்கா மறுக்கா பாருங்க. ஒருக்கா கலர் கார்டு மட்டும். கொடி, ரைஃபிள், வாள் வெச்சு ஆடறவங்க, கொம்புல என்ன வாசிக்கறாங்களோ அதத்தான் அவங்க ஒடம்புல காட்டுவாங்க, ஒரு டிரம்பெட் ஓட்டம் முடியறதும் ரைஃபிள் கைல வந்து விழறதும் ஒரே நொடில நடக்கும். அடுத்த தடவ பித்தளைய மட்டும் கேளுங்க, நீங்க வெட்டிப்போட்டாங்கன்னு சொன்ன மெட்டு வேற சுருதில வேற ஆளுககிட்ட திரும்ப வந்திருக்கும்.

இன்னொரு வழி இருக்குதுங்ணா, எனக்கு இதுதான் நெம்ப உதவுச்சு. பழசுல இருந்து வாங்க. கலிஃபோர்னியால கான்கார்டுங்கற ஊர்க் கோர் அது, 1976ல மொத பட்டம். அப்ப அவங்க அசல் ஜாஸ் கோர். அவங்க வாசிச்ச சேனல் ஒன் சூட்ங்கற பழைய ஜாஸ் பாட்ட எடுத்துக் கேளுங்க, முழுப் பாட்டு, கைதட்டு, கூச்சல் எல்லாம் இருக்கும். அங்க பழகிட்டு வருசவாரியா முன்னால வந்தீங்கன்னா அந்த ஜாஸ்தான் துண்டுதுண்டா இப்பத்த ஷோவுக்குள்ள ஓடுதுன்னு காது தன்னால புடிச்சுக்கும்.

அப்பறம் கேவலியர்ஸ்ங்கற கோரோட 2002 ஷோ ஃப்ரேம்வொர்க்ஸ் பாக்காம விட்றாதீங்க. அந்த சீசன் பூரா ஒரு போட்டி கூட தோக்கல, 99.15. இசைய அந்த ஷோவுக்குன்னே எழுதுனாங்க. அதுல கதையும் இல்ல, கண்ணீரும் இல்ல, 135 பேர் நடந்தே கோலம் போடுவாங்க, ஒரு வடிவம் கலையற அதே அடில இன்னொண்ணு பொறக்கும். அதுக்கு மேல இருந்து எடுத்த கேமராதான் வேணும், க்ளோசப்புல பாத்தா ஒண்ணும் வெளங்காது.


துடும்பு தம்பி, கெணத்துக்கடவு:

எல்லாரும் கொம்பப் பத்தியே பேசறீங்களே அண்ணா, டிரம் கோர்ல டிரம்ம ஆரு பேசறது 😀

நான் துடும்பு செட்டுல அடிக்கறவன். எங்குளுக்கு துடும்பு, உருமி, ஜிம்ளா எல்லாம் சேந்து ஒரு அடி. அவங்களுக்கு ஸ்னேர் (நம்ம சைடு டிரம்தான்), டெனார் (ஒருத்தரே பல சின்ன டிரம்ம கட்டிக்கிட்டு அடிக்கறது), பேஸ் (பெரிய டிரம்). இதுல பேஸ் டிரம்மத்தான் மொதல்ல பாருங்கன்னு சொல்லுவேன், ஏன்னா அஞ்சு பேர், ஆளுக்கு ஒரு சுருதி, வேகமா ஓடற ஒரே வரிய அஞ்சா பிச்சு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு அடின்னு அடிப்பாங்க. கண்ண மூடிக் கேட்டா ஒருத்தன் அடிக்கற மாதிரியே இருக்கும். அதுல எவனாவது ஒரு மசுரளவு பிந்துனாப் போதும், ஓட்ட விழுந்துரும், அதும் நடந்துக்கிட்டே, பின்னால பாக்காமயே அடிக்கோணும். எங்க செட்டுல நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து அடிக்கறவங்க, அதனால அவங்க பண்றதோட கஷ்டம் எனக்கு வெளங்குது.

பாணிய எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா ஸ்னேர்காரங்க எடது கையப் பாருங்க. புளூ டெவில்ஸ், சாண்டா கிளாரா வேன்கார்ட்ங்கற கோர் எல்லாம் குச்சிய உள்ளங்கை மேல பாக்க வெச்சு அந்தக் காலத்துப் புடிதான் புடிப்பாங்க. டிரம்ம தோள்ல சரிவா தொங்கவிட்டு அடிச்சப்ப வந்த புடி அது, பெருந்துறை அண்ணன் பையன் சைடு டிரம் அடிக்கறதுனால அவனுக்குக் கையிலயே தெரியும். வேற சில கோர்ல ரெண்டு கையும் ஒரே மாதிரி. அடுத்தது குச்சி எவ்வளவு ஒசரம் போவுதுன்னு பாருங்க, மெல்லிசா வாசிக்கறப்ப வரிசை பூரா ஒரே ஒசரத்துல நிக்குதான்னு. தோல் வேற கெவ்லார்ல பண்ணுனது, துப்பாக்கிக் குண்டு தாங்கற சட்டைக்குப் போடற அதே நூலு, அத முறுக்கி முறுக்கி கல்லு மாதிரி ஏத்தி வெச்சிருப்பாங்க. தப்பு பண்ணுனா ஒளிய எடமே கெடையாது.

சாண்டா கிளாரா வேன்கார்ட் கேளுங்க. 70கள்ல அங்க டிரம் சொல்லிக்குடுத்த ஃபிரெட் சான்ஃபோர்டு பேர்லதான் இன்னைக்கும் சிறந்த பெர்கஷன் விருதே குடுக்கறாங்க. 2018ல பாபிலோன்ங்கற ஷோல பட்டமும் அடிச்சாங்க, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்ணா, டீவி ஸ்பீக்கர் ஆவாது.


இண்டியானா திருப்பூரான்:

திருப்பூர்தான் சொந்த ஊர், இப்ப வேலை இண்டியானாபொலிஸ்ல. ஃபைனல்ஸ் இங்க லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துலதான் ஆகஸ்ட்ல நடக்கும், நேர்ல பாத்தவனாச் சொல்றேன். வீடியோல பாத்தா நெம்ப எடுபடாமப் போறது புளூகோட்ஸ்தான். ஒஹையோ கோர். 2014ல டில்ட்ங்கற ஷோல கடைசில மொத்தக் கோரும் சுருதிய அப்படியே வழிச்சு எறக்குவாங்க, எலக்ட்ரானிக்ஸும் பித்தளையும் சேந்து, நேர்ல கேட்டவங்க உக்காந்த சேரே சாயற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. அந்த வருசம் ரெண்டாவது எடம்தான். 2016ல தொப்பி கூட இல்லாம, சரிவு மேல ஏறிச் சறுக்கிக்கிட்டே வாசிச்சு மொத பட்டம் வாங்குனாங்க.

பித்தளை சத்தம் வேணும்னா கரோலினா கிரௌன்ங்கற கோரோட 2013 ஷோவப் பாருங்க. நேர்ல பாக்கற வாய்ப்பு கெடைச்சா ஸ்டேடியத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி பார்க்கிங் லாட்டுக்குப் போங்க, ஒவ்வொரு கோரும் அங்கதான் நின்னு வார்ம் அப் பண்ணுவாங்க, ரெண்டடி தள்ளி நின்னு கேக்கலாம். எல்லாம் 21 வயசுக்குள்ள புள்ளைக, கோடை பூரா பஸ்ல போயி, ஸ்கூல் ஜிம் தரையில படுத்துத் தூங்கி, பகல் முச்சூடும் வெயில்ல பயிற்சி. அத ஒருக்கா பாத்துட்டா எந்தக் கோரையும் மட்டமாப் பேச வாய் வராதுங்க.


பழைய பியூகிள்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பாணிங்கறது 2000க்கு முன்னாடி இன்னும் தெளிவா இருந்துச்சு. அப்ப எல்லாருக்கும் ஜி சுருதி பியூகிள்தான் (பட்டாளத்துல ஊதற மாதிரி பித்தளைக் கொம்பு), 2004 வரைக்கும் மைக் கெடையாது, சிந்தசைசர் 2009லதான் வந்துச்சு. ஒரே சாமான் எல்லார் கைலயும், அதுலயே மேடிசன் ஸ்கவுட்ஸ்ங்கற கோர் ஒரு மாதிரி, கேடட்ஸ்ங்கற கோர் ஒரு மாதிரி. மேடிசன் 1988ல வாசிச்ச மலகேனாங்கற பாட்டக் கேளுங்க, நேரா சனத்தப் பாத்து நின்னு ஊதறது. அதே 80கள்ல கேடட்ஸ் 83, 84, 85ன்னு மூணு வருசம் தொடந்து அடிச்சாங்க, எப்படி நடக்கோணும்னு ஜிங்காலிங்கறவரு போட்டுக் குடுத்த ஓட்டம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிக்கோணுங்கறதையே ஒடைச்சுட்டாங்க.

ஆனா புளூ டெவில்ஸ் புரியலைன்னு சொல்ற பெருந்துறைக்காரருக்கு நான் சொல்ற ஷோ வேற. ஸ்டார் ஆஃப் இண்டியானாங்கற கோரோட 1993 ஷோ. இசை பார்டோக், பார்பர்ங்கற ரெண்டு கிளாசிக்கல் இசையமைப்பாளருகளோடது. அப்ப பாதி ரசிகங்களுக்கு அது ஆவவே இல்ல, கை தட்ட எடமில்லைங்கற இதே குறைதான். கேடட்ஸுக்கு அடுத்து ரெண்டாவதா வந்தாங்க. இன்னைக்குக் கோருக ஒடம்ப வளைச்சு ஆடறது, அமைதிய அப்படியே நிறுத்தி வெக்கறது இதுல பலதுக்கும் வேர் அங்கதான் இருக்குதுன்னு நான் நெனைக்கறேன். அதப் பாத்துட்டு ஃபெலினிஎஸ்க் போடுங்க.

மைக் விசயத்துல மட்டும் நான் எறங்கி வர மாட்டேனுங்க.


சிங்காநல்லூர் டிரம்பெட்:

@பழைய பியூகிள் மைக் வந்ததுனாலதான் மரிம்பா, வைப்ரஃபோன் மாதிரி கட்டையால தட்டி வாசிக்கற சாமானெல்லாம் மெல்லிசா வாசிக்க முடியுது, முன்னாடி காது கேக்கோணும்னு கட்டையால போட்டு இடிக்க வேண்டியிருந்துச்சு. அதையும் சேத்து யோசிங்க.


பெருந்துறைக்காரன்:

அல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி பையன்கிட்ட பாயிண்டப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லிப்போட்டு ஃபெலினிஎஸ்க்ல கலர் கார்ட மட்டும் பாத்தோம். கொம்பு சட்டுனு நின்னு போறப்ப அந்த மெட்ட ஒரு கார்டு புள்ள கையால முடிச்சு வெக்குது, அத நான் இத்தன நாளு பாக்கவே இல்லீங்க. பையன் பதிலுக்கு வேன்கார்ட் பேஸ் டிரம்மக் கேட்டுட்டு ஸ்னேர விட்டுப்போட்டு பேஸுக்கு மாறட்டுமான்னு கேக்கறான், துடும்பு தம்பி, இதுக்கு நீங்கதான் பொறுப்பு. ஃபேண்டம்தான் எனக்கு மொத எடம், அது மாறல.

ஸ்டார் 1993 ஞாயித்துக்கெழமை பாக்கறோம். அதுக்குள்ள இன்னொண்ணு சொல்லுங்க, 1940ல ஆரம்பிச்ச பாஸ்டன் குருசேடர்ஸ் 2025லதான் மொத பட்டம் வாங்கியிருக்காங்களே, அவங்க பாணிய எந்த வருசத்துல இருந்து புடிச்சுப் பாக்கறது?