டிரையர் உம்முனு முனகுது, சுத்த மாட்டேங்குது. நானே பிரிக்கலாமா?

மாடிவீட்டுக்காரி:
ஏழு வருஷத்து செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். துவைக்கிற பக்கம் நல்லாத்தான் ஓடுது. டிரையர் பக்கம் மூடியைப் போட்டு டைமரைத் திருகினா "உம்ம்"னு ஒரு முனகல், தொட்டி அசையவே இல்லை. கொஞ்ச நேரம் விட்டா கருகின வாடை. மதுரையில ஐப்பசி மழை விடாமப் பிடிச்சிருக்கு. பையனோட யூனிஃபார்ம் ரெண்டு நாளா ஃபேனுக்குக் கீழ நாற்காலியில கிடக்கு, இடுப்புப் பட்டி இன்னும் ஈரம்.

வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழட்டலை. "மோட்டார் போச்சு, 2,800 ஆகும்"னு சொல்லிட்டு, வந்ததுக்கு 350 வாங்கிட்டுப் போயிட்டார். மிக்ஸிக்கு கார்பன் பிரஷ் நானே மாத்தியிருக்கேன். இதுல கை வைக்கலாமா?

பழைய வயர்மேன்:
தங்கச்சி, முனகுதுன்னா மோட்டாருக்குக் கரண்ட் போகுது. டைமரும் மூடி சுவிட்சும் நல்லா இருக்கு, அதுக்குக் காசு கொடுத்துடாதீங்க. ஆனா முனகவிட்டு நிக்காதீங்க. சுத்தாத மோட்டார் கரண்ட்டை அள்ளி இழுக்கும், உள்ள இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) கருகிடும். அந்த வாடை அதான்.

என் சந்தேகம் ரெண்டு பேர் மேல: பிரேக், இல்லைன்னா கெப்பாசிட்டர், அதாவது கரண்ட்டைச் சேர்த்து வெச்சு மோட்டாரைக் கிளப்பிவிடுற டப்பா. சுவிட்சை அணைச்சாப் போதாது, பிளக்கையே பிடுங்கிட்டு பின்மூடியைக் கழட்டுங்க. டிரையர் மோட்டார் தலையில ஒரு சக்கரம் இருக்கும், அதை ஒரு ரப்பர் கட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கும், அதான் பிரேக். மூடியில இருந்து ஒரு கம்பி அந்தக் கட்டைக்கு வரும். மூடியை மூடினா கட்டை விலகணும், திறந்தா பிடிக்கணும். பையனை மூடியைத் திறந்து மூடச் சொல்லிட்டு நீங்க பின்னாடி உட்கார்ந்து பாருங்க. விலகலைன்னா கம்பியில கோளாறு. விலகி, சக்கரமும் கையால லேசாச் சுத்துச்சுன்னா கெப்பாசிட்டர்தான்.

அதுல ஜாக்கிரதை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஷாக் அடிக்கும். ஹோல்டர்ல மாட்டின குண்டு பல்போட ரெண்டு ஒயரையும் அதோட முனைகள்ல தொட்டு எடுத்துட்டுக் கை வைங்க. நிறைய மெஷின்ல 10+5 மைக்ரோஃபாரட்னு மூணு ஒயரோட ஒரே டப்பா. 10 துவைக்க, 5 டிரையருக்கு. துவைக்குதேன்னு டப்பா நல்லா இருக்குன்னு நம்பிடாதீங்க, 5 மட்டும் போயிருக்கும். எழுதியிருக்கிற அதே அளவு வாங்கணும்.

ரூம்மேட்:
நான் அவசரப்பட்டு கெப்பாசிட்டர் மாத்தி, அப்பவும் அதே முனகல். கடைசியில தொட்டிக்கும் வெளி டிரம்முக்கும் நடுவுல ஒரு சாக்ஸ் முறுக்கிக்கிட்டுக் கிடந்துச்சு! துணி மேல அந்த வட்ட பிளாஸ்டிக் தட்டை வைக்காம ஓட்டினதோட பலன். முதல்ல டார்ச் அடிச்சுப் பாருங்க.

செல்லூர்வாசி:
மோட்டார் மேல துருக்கறை வழிஞ்சிருந்தா சீல் (தொட்டித் தண்ணி மோட்டாருக்கு இறங்காமத் தடுக்கிற ரப்பர்) கிழிஞ்சு தண்ணி இறங்குதுன்னு அர்த்தம். அப்படின்னா நல்ல மெக்கானிக்கா பார்த்துக் கூப்பிடுங்க. சீல் மாத்த தொட்டியையே தூக்கணும், தனி ஆளா ஆகாது.

மாடிவீட்டுக்காரி:
பிரேக்தாங்க! பையன் மூடியை மூட மூட, கம்பி தொளதொளன்னு ஆடுது, கட்டை அசையவே இல்லை. கம்பி நீண்டு போயிருக்கு. சக்கரத்தைச் சுத்தி ரப்பர் தேஞ்ச கறுப்புத் தூள், கண்மை மாதிரி. கட்டையோட கைப்பிடியில மூணு ஓட்டை இருந்துச்சு, கொக்கியை அடுத்த ஓட்டையில மாட்டினேன். இப்ப மூடினா "டக்"குனு விலகுது. ரெண்டு தடவை ஓட்டியாச்சு, துண்டு பிழியவே வேண்டாம். செலவு பூஜ்யம், அந்த 350 தவிர.

ஒரே ஒரு சந்தேகம். எல்லாம் மாட்டின பிறகு ஒரு ஸ்க்ரூ கையில மிச்சம் இருக்கு. சின்னது, நட்சத்திர வாஷரோட.

பழைய வயர்மேன்:
மெஷினை ஓட்டாதீங்க! பிளக்கைப் பிடுங்குங்க. நட்சத்திர வாஷர்னா எர்த் ஒயரைப் பிடிக்கிற ஸ்க்ரூவா இருக்கும். மோட்டார் பக்கத்துல பச்சை ஒயர் எங்கயாவது தனியாத் தொங்குதா பாருங்க.

மாடிவீட்டுக்காரி:
தொங்குச்சு அண்ணே. கம்பியை எட்டணும்னு நானேதான் கழட்டியிருக்கேன். மாட்டிட்டேன்.