சுறாத் துடுப்பும் மட்கார்டு ஓட்டையும்: லீ மான்ஸ் கார்களுக்கு எதற்கு?

ஸ்ப்ளிட்டர்77:
பிரான்சின் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய 1999 மெர்சிடிஸ் சிஎல்ஆர் படத்தையும் 2012 ஆடி ஆர்18 படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. புதியதில் காக்பிட்டிலிருந்து ரியர் விங் வரை செங்குத்தாக ஒரு பலகை (இதுதான் சுறாத் துடுப்பு), டயர்களுக்கு மேலே மட்கார்டில் ஓட்டை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய காரில் வேண்டுமென்றே ஓட்டை போடுவானேன்? துடுப்பு இன்றைய ஹைப்பர்காரிலும் (லீ மான்ஸின் முதல் பிரிவு) இருக்கிறது. கூடவே ஓடும் ஜிடி3 காரில் (ரோட்டுக் காரிலிருந்து செய்த பந்தயக் கார்) மட்டும் ஏன் இல்லை?

அடித்தட்டு:
இரண்டும் கார் பறக்காமல் இருக்க. ஆனால் கார் பறப்பதில் இரண்டு வகை உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, மூக்கு தூக்குவது. சிஎல்ஆர் நீளம் 4.89 மீட்டர், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) வெறும் 2.67. அதாவது அச்சுகளுக்கு வெளியே முன்னும் பின்னுமாக 2.2 மீட்டர் தொங்குகிறது. முன்னால் போகும் காரை ஒட்டிப் போனால் மூக்குக்குச் சுத்தமான காற்று கிடைக்காது, முன்பக்க டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) குறையும். அதே நேரம் சாலையில் ஒரு மேடு வந்தால் மூக்கு கொஞ்சம் எழும். எழுந்ததும் அடித்தட்டுக்குக் கீழே புகும் காற்று உறிஞ்சுவதை விட்டுவிட்டு நெம்ப ஆரம்பிக்கும். தொங்கும் மூக்கு நீளமாக இருந்தால் நெம்புகோலும் நீளம். முன் அச்சின் பாரத்தைத் தாண்டிவிட்டால் டிரைவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

1999 லீ மான்ஸின் ஒரே வாரத்தில் சிஎல்ஆர் டிரைவர்களில் மார்க் வெப்பர் இரண்டு தடவை (தகுதிச் சுற்று, சனிக்கிழமை வார்ம்-அப்), பந்தயத்தில் பீட்டர் டம்பிரெக் ஒரு தடவை பறந்தார்கள். வெப்பரின் இரண்டாவது தடவைக்குப் பிறகு மூக்கில் சின்னச் சிறகுகளை ஒட்டிப் பார்த்தார்கள். அடிப்படை அளவே தப்பாக இருக்கும்போது ஒட்டுப்போட்டு என்ன பயன்? சாலை மேடும் ஒரு காரணம்தான்: அமெரிக்காவின் ரோடு அட்லாண்டா பந்தயத் தடத்தில், பின் நேர்பாதை மேட்டில் 1998-ல் போர்ஷே 911 ஜிடி1, 2000-ல் பிஎம்டபிள்யூ வி12 எல்எம்ஆர், இரண்டும் இன்னொரு காரை ஒட்டிப் போகும்போது மூக்கு தூக்கிப் பின்பக்கமாகப் புரண்டன.

இன்றைய எல்எம்டிஎச் (ஹைப்பர்காரில் ஒரு வகை) விதியில் நீளம் அதிகபட்சம் 5.1 மீட்டர், வீல்பேஸ் 3.15. கார் நீண்டது, தொங்கல் குறைந்தது.

கிராஸ்விண்ட்:
இரண்டாவது வகையை நான் சொல்கிறேன், துடுப்பு வந்ததே அதற்காகத்தான்.

கார் சுழன்று பக்கவாட்டாகப் போகும்போது ஏரோ எல்லாம் அர்த்தமிழந்துவிடும். ரியர் விங் காற்றுக்கு ஒரு ஓரத்தைத்தான் காட்டும், அடித்தட்டின் நீளப் பக்கம் காற்றுக்கு வாய் திறக்கும். கணக்கு போடுவோம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 425 கிலோ. 5 மீட்டருக்கு 2 மீட்டர் தட்டு என்றால் 4,250 கிலோ. இன்றைய ஹைப்பர்காரின் குறைந்தபட்ச எடை 1,030 கிலோ. பெட்ரோலும் டிரைவரும் சேர்ந்தால்கூட, அந்த அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழிருந்து மேலே தள்ளினாலே போதும், டயர் தரையை விட்டுவிடும்.

துடுப்பு செய்வது: ஒன்று, வால் பக்கம் காற்றைப் பிடித்து காரை மறுபடி நேராகத் திருப்பப் பார்க்கும். இரண்டு, பக்கவாட்டுக் காற்று எஞ்சின் மூடியின் மேல் சறுக்கி ஓடி அங்கே உறிஞ்சலை உண்டாக்கவிடாமல் குறுக்கே நிற்கும். 2011-ல் புதிய எல்எம்பி (பந்தயத்துக்கென்றே செய்யும் லீ மான்ஸ் புரோட்டோடைப்) கார்களுக்குக் கட்டாயமானது. மட்கார்டு ஓட்டை 2012-ல். வீல் ஆர்ச்சுக்குள் அடைபட்ட காற்று மேலே தப்பிக்க வழி, அவ்வளவுதான். இதற்கெல்லாம் முன்பே, 2004 எல்எம்பி1 (எல்எம்பியின் மேல் பிரிவு) விதியில் அடித்தட்டின் ஓரங்களை 7 பாகை மேல்நோக்கிச் சாய்த்து, நடுவில் அடியில் 20 மி.மீ. தடிமனில் ஒரு தட்டைப் பலகை வைத்தார்கள். என் கணிப்பில் துடுப்பைவிட அதுதான் பெரிய மாற்றம். படத்தில் தெரியாது என்பதால் யாரும் பேசுவதில்லை.

பிட்வால்:
ஜிடி3 கேள்வி அப்படியே கிடக்கிறதே. மேலே சொன்ன அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஹைப்பர்காரின் 330-க்கும் ஜிடி3-யின் 290-க்கும் வித்தியாசம் வேகத்தில் 40 கி.மீ., தூக்கும் விசையில் சுமார் 30 சதவீதம். போதாததற்கு ஜிடி3 எடை கூடுதல், உடம்பு உயரம், ரோட்டுக் காரின் வடிவம். ஜிடி3 முன் மட்கார்டிலும் செதில் செதிலாகக் காற்றுவாய் இருக்கும், ஆனால் அது முக்கியமாக முன்பக்க டவுன்ஃபோர்ஸுக்கு.

ஸ்ப்ளிட்டர்77:
அப்படியானால் துடுப்பும் ஓட்டையும் இருந்தால் பறக்காதா?

கிராஸ்விண்ட்:
அப்படிச் சொல்ல முடியாது. 2012 லீ மான்ஸில் டேவிட்சனின் டொயோட்டா டிஎஸ்030-ல் இரண்டுமே இருந்தன. மல்சான் திருப்பத்துக்கு முன்னால் ஒரு ஜிடி ஃபெராரியோடு மோதிச் சுழன்றதும் டொயோட்டா பறந்து புரண்டு தடுப்பில் மோதியது, அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. பறக்க ஆரம்பிக்கும் வேகத்தின் வரம்பை இவை மேலே தள்ளுகின்றன. இடித்துச் சுழற்றிவிட்டால் அந்த வரம்பும் உதவாது.

அடித்தட்டு:
அதே 2012-ல்தான் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் ஜேஆர்எம் அணியின் எச்பிடி (ஹோண்டாவின் பந்தயப் பிரிவு செய்த) காரில் ஆறாவதாக முடித்தார். கூட ஓட்டிய இருவரில் ஒருவர், 1999-ல் சிஎல்ஆரோடு மரங்களுக்குள் போய் விழுந்த அதே பீட்டர் டம்பிரெக். இந்தத் தடவை அவர் காரிலும் மட்கார்டில் ஓட்டை இருந்தது.