பாட்டியின் படத்துக்குப் பக்கம் அமைக்க உதவுங்கள்

வணக்கம். பாட்டியைப் பற்றி 12-க்கு 12 அங்குலத்தில் ஒரு ஸ்கிராப்புக் (படங்களும் நினைவுப் பொருட்களும் ஒட்டிவைக்கும் ஆல்பம்) செய்துகொண்டிருக்கிறேன். படங்கள் சீக்கிரம் மஞ்சளாகாமலிருக்க அமிலமில்லாத தாள் வாங்கியாயிற்று. பழைய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து நகல்களைத்தான் ஒட்டுகிறேன். அசல் பத்திரமாக இருக்கிறது.

ஒரு பக்கத்தில்தான் தடுமாறுகிறேன். பாட்டி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் கவ்விய குண்டூசி. கேமராவைப் பார்க்கவே இல்லை. படத்தின் பின்னால் தாத்தா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "கூப்பிட்டும் திரும்பவில்லை." எனக்கு அந்த இரண்டு சொல்லில்தான் கதையே இருக்கிறது.

அதைப் படத்துக்குக் கீழே வைத்தால் வெறும் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. படத்தையே ஒரு கதவு போல ஒட்டி, திறந்தால் தாத்தாவின் கையெழுத்து தெரிகிற மாதிரி செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், திறந்து மூடும்போது மடிப்பு கிழியாமலிருக்க என்ன வழி?

அப்புறம், பாட்டி எனக்குத் தைத்த முதல் சட்டையின் துண்டு ஒன்று இருக்கிறது. ஓரத்தில் வைக்க ஆசை, ஆனால் சாயம் தாளில் இறங்கிவிடுமோ என்று பயம். வேறு அலங்காரம் எதுவும் வேண்டாம். பார்க்கிறவர் கண் முதலில் பாட்டியின் கைகளுக்குப் போக வேண்டும். நீங்கள் செய்த பக்கங்கள் இருந்தால் காட்டுங்களேன்.